திரும்பத் தெரிந்ததே பரவும்



ஒரு சின்னக் கணக்கோடு தொடங்குகிறேன். நம் குடலில் வாழும் ஈ.கோலை என்ற பாக்டீரியா தண்ணீரில் வினாடிக்குச் சுமார் 20 மைக்ரோமீட்டர் நீந்தும். மணிக்கு 72 மில்லிமீட்டர். ஆய்வகத்தில் புழங்கும் பெட்ரி தட்டின் நடுவிலிருந்து விளிம்புக்கு 4 சென்டிமீட்டர் சொச்சம்தான். ஆக, நடுவில் ஒரு சொட்டு விட்டால் 35 நிமிடத்தில் விளிம்புக்கு வந்துவிட வேண்டும். ஆனால் மென்மையான அகர் ஊற்றிய தட்டில் அப்படி நடப்பதே இல்லை. சாயங்காலம் சொட்டு விட்டுவிட்டுப் போனால் மறுநாள் காலையில்தான் விளிம்பை நெருங்கியிருக்கும். அரைமணி நேரப் பயணத்துக்கு ஓர் இரவு. மீதி நேரம் எங்கே போனது என்பதுதான் இன்றைய பேச்சு. அந்தக் கணக்கைத் தேடிப் போனால் ஆய்வகத் தட்டில் தொடங்கி நம் வயிறு, குடல் வரை போக வேண்டியிருக்கிறது.

முதலில் தட்டில் இருப்பது என்ன என்று பார்ப்போம். நோன்புக் காலத்தில் பாலும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சி, ஆறவைத்துத் துண்டு போடும் கடற்பாசியைச் சாப்பிட்டிருப்பீர்கள். அதே அகர்தான் இதுவும். மன்னார் வளைகுடாவில் பாம்பன், மண்டபம் பக்கம் பெண்கள் மூழ்கி எடுத்துவரும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் கஞ்சிப் பாசியிலிருந்தும் அகர் எடுக்கிறார்கள். நுண்ணுயிரியலுக்குள் அது வந்ததும் சமையலறை வழியாகத்தான். 1881-இல் ஜெர்மனியில் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் வேலை செய்த வால்தர் ஹெஸ்ஸே, ஜெலட்டினில் பாக்டீரியா வளர்க்கப் போராடிக்கொண்டிருந்தார். கோடை வெயிலில் ஜெலட்டின் உருகியது. போதாததற்குச் சில பாக்டீரியாக்கள் அதையே செரித்து நீராக்கிவிட்டன. அவருடைய மனைவி ஃபேனி ஹெஸ்ஸே, தன் ஜெல்லிகளுக்குப் போடும் அகரைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். நியூயார்க்கில் பிறந்தவர் அவர். ஜாவாவில் இருந்துவிட்டு வந்த டச்சுக்காரர்கள் பக்கத்து வீட்டில் குடியிருந்தார்கள். அவர்களிடம் கற்றுக்கொண்ட பக்குவம் அது. அகர் 85 டிகிரிக்கு மேல் போனால்தான் உருகும். 40 டிகிரிக்குக் கீழே இறங்கினால்தான் உறையும். பெரும்பாலான பாக்டீரியாக்களுக்கு அதைச் செரிக்கத் தெரியாது. 1882-இல் காசநோய்க் கிருமியைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் கோக் அகரைக் குறிப்பிட்டார், ஃபேனியைக் குறிப்பிடவில்லை.

அகர் எவ்வளவு போடுகிறோம் என்பதில்தான் சூட்சுமம். 100 மில்லி ஊட்டநீரில் 1.5 கிராம் போட்டால் கெட்டியான தளம் கிடைக்கும். அதன் துளைகள் பாக்டீரியாவின் உடலைவிட மிகச் சிறியவை. கிருமி உள்ளே நுழைய முடியாமல் மேலேயே உட்கார்ந்து பெருகிக் குவியலாகும். அந்தக் குவியலைத்தான் காலனி என்கிறோம். அதே 100 மில்லியில் கால் கிராம், 0.3 கிராம் என்று குறைத்தால் கதை மாறுகிறது. தட்டைச் சற்றுச் சாய்த்தாலே ஆடும். விரல் பட்டால் உடையும். இழைகள் பின்னிய வலைக்குள் தண்ணீர் நிறைந்து நிற்கும். வலையின் கண்கள் பாக்டீரியா புகுந்து போகும் அளவுக்கு இருக்கும், ஆனால் தாராளமாக இருக்காது. இந்த நிலையைத்தான் அரைத்திட அகர் என்கிறார்கள்.

இது ஆய்வகத்துக்காகச் செய்த செயற்கை ஏற்பாடு என்று நினைத்துவிடக் கூடாது. இயற்கையில் பாக்டீரியாவுக்குத் தெளிந்த நீர்தான் அபூர்வம். வயிற்றின் உட்சுவரில் படிந்திருக்கும் கோழை, குடலின் கோழை, நுரையீரலின் சளி எல்லாமே ஜெல். ஈர மண்ணிலும் துளைகளுக்கு இடையேதான் பாதை. அதனால் ஜெல்லுக்குள் எப்படி நகர்கிறது என்ற கேள்விதான், பாக்டீரியா நிஜ வாழ்க்கையில் எப்படி நகர்கிறது என்ற கேள்வி.

தண்ணீரில் அது நீந்தும் முறையை முதலில் சொல்கிறேன். ஈ.கோலையின் நீளம் 2 மைக்ரோமீட்டர். ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறு பேரை வரிசையாக நிறுத்தலாம். உடலிலிருந்து நான்கைந்து கசையிழைகள் புறப்படுகின்றன. ஒவ்வொன்றும் உடலைவிடப் பல மடங்கு நீளம்; திருகுபோல் வளைந்தது. இவை ஆடுவதில்லை, சுழல்கின்றன. ஒவ்வொரு இழையின் அடியிலும் செல்லுறையில் பதிந்த ஒரு மோட்டார் உண்டு. வெளியிலிருந்து உள்ளே பாயும் புரோட்டான்கள் அதை வினாடிக்கு நூறு சுற்றுக்கு மேல் ஓட்டுகின்றன. இழைகள் சுழல்கின்றன என்று 1973-இல் ஹோவர்ட் பெர்க்கும் ராபர்ட் ஆண்டர்சனும் வாதிட்டபோது நம்பாதவர்கள் இருந்தார்கள். அடுத்த ஆண்டே மைக்கேல் சில்வர்மனும் மெல்வின் சைமனும், இழையைக் கண்ணாடியில் ஒட்டவைத்து, பாக்டீரியாவின் உடல் முழுவதும் சுற்றுவதைக் காட்டினார்கள். வாதம் அத்தோடு முடிந்தது.

இந்த அளவில் தண்ணீரே வேறு பொருள். எட்வர்ட் பர்செல் என்ற இயற்பியலாளர் 1952-இல் நோபல் பரிசு பெற்றவர். அவர் 1977-இல் வெளியிட்ட ஒரு சொற்பொழிவுக் கட்டுரையில் இதைக் கணக்கிட்டுக் காட்டினார். நீந்திக்கொண்டிருக்கும் பாக்டீரியா மோட்டாரை நிறுத்தினால் எவ்வளவு தூரம் வழுக்கிக்கொண்டு போகும்? ஹைட்ரஜன் அணுவின் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு. அவ்வளவுதான். உந்துவேகம் என்று ஒன்று அதன் உலகத்தில் இல்லை. இந்த நொடி தள்ளினால் இந்த நொடி நகர்வு. தள்ளாவிட்டால் நின்ற இடத்திலேயே நிற்கும். பின்னால் போய் வேகமெடுத்து வந்து தடையை முட்டித் திறப்பதெல்லாம் அதற்கு இல்லாத வழி. இதை நினைவில் வையுங்கள். ஜெல்லுக்குள் போகும்போது தேவைப்படும்.

மோட்டார்கள் இடஞ்சுழியாகச் சுற்றும்போது இழைகள் எல்லாம் ஒன்றுசேர்ந்து கற்றையாகி உடலைப் பின்னாலிருந்து தள்ளுகின்றன. பாக்டீரியா நேராக ஓடுகிறது. ஒன்றிரண்டு மோட்டார்கள் வலஞ்சுழிக்கு மாறினால் கற்றை கலைகிறது. உடல் இருந்த இடத்திலேயே தடுமாறிப் புரள்கிறது. மறுபடி கற்றை சேரும்போது முகம் வேறு பக்கம் இருக்கும். பெர்க்கும் டக்ளஸ் பிரவுனும் ஒற்றைப் பாக்டீரியாவை முப்பரிமாணத்தில் பின்தொடரும் நுண்ணோக்கியைக் கட்டி 1972-இல் இதை அளந்தார்கள். ஓட்டம் சராசரியாக ஒரு வினாடி. புரளல் பத்தில் ஒரு வினாடி. திரும்பும் கோணம் சராசரியாக 68 டிகிரி. ஓட்டம், புரளல், ஓட்டம், புரளல். வாழ்நாள் முழுக்க இதுதான்.

புரளல் எதற்கு? தண்ணீரில் அதற்கு விடை தெளிவாகத் தெரியும். இவ்வளவு சிறிய உடலின் முன்முனைக்கும் பின்முனைக்கும் இடையே உணவின் செறிவு வித்தியாசத்தை அளப்பது கடினம். அதனால் பாக்டீரியா காலத்தை ஒப்பிடுகிறது. கடந்த ஒரு வினாடியில் ருசித்ததையும் அதற்கு முந்தைய மூன்று வினாடியில் ருசித்ததையும் வைத்துப் பார்க்கிறது. நிலைமை முன்னேறுகிறது என்றால் புரளலைத் தள்ளிப்போடுகிறது. நல்ல திசையில் ஓட்டம் நீள்கிறது. இதற்கு வேதிநாட்டம் என்று பெயர். ஒரு சிறிய புரதம் பாஸ்பேட்டைச் சுமந்துகொண்டு போய் மோட்டாரில் ஒட்டினால் சுழற்சித் திசை மாறும். ஒட்டாவிட்டால் ஓட்டம் தொடரும். மூளை இல்லை, நரம்பு இல்லை. நாலு வினாடி ஞாபகத்தில் திசை கண்டுபிடிக்கிறது.

இப்போது ஜெல்லுக்கு வருவோம். புரளவே தெரியாத ஒரு பாக்டீரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். மரபணு மாற்றத்தால் அதன் மோட்டார்கள் இடஞ்சுழியாக மட்டுமே சுற்றும். தண்ணீரில் விட்டால் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். திரும்பித் திரும்பி நேரத்தை வீணாக்கும் மற்ற பாக்டீரியாவைவிட இது வெகுதூரம் போகும். அரைத்திட அகரில் யார் ஜெயிப்பார்கள்?

1989-இல் ஆலன் உல்ஃபும் ஹோவர்ட் பெர்க்கும் இந்தக் கேள்வியை முறையாகக் கேட்டார்கள். வேதிநாட்டம் அற்ற பல வகை ஈ.கோலைகளை மென்மையான அகரில் விட்டார்கள். சில ஓடிக்கொண்டே இருப்பவை. சில அடிக்கடி புரள்பவை. ஓடிக்கொண்டே இருந்தவைதான் மிகக் குறைவாகப் பரவின. ஓயாமல் புரண்டவைகூட அவற்றைவிட அதிக தூரம் போயின. காரணம் நுண்ணோக்கியில் தெரிந்தது. நேராக ஓடுவது இழைகளுக்கு இடையே ஒரு முட்டுச்சந்தில் மாட்டிக்கொள்கிறது. மோட்டார் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கசையிழைகள் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. உடல் இருந்த இடத்தில் இன்னும் இறுக்கமாகச் செருகிக்கொள்கிறது. குறுகலான சந்தில் ஆட்டோவை விட்டுவிட்டு ரிவர்ஸ் கியர் இல்லாமல் ஆக்சிலேட்டரை மட்டும் முறுக்குகிற நிலைமை. மோட்டார் ஒரு தடவை திசை மாறினால் போதும், உடல் பின்வாங்கும், வேறு சந்து தேடும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். தண்ணீரில் புரளலின் வேலை உணவுத் திசையைத் தேடுவது. ஜெல்லில் அதற்கு முன்பே ஒரு வேலை வந்துவிடுகிறது: சிக்கலிலிருந்து விடுபடுவது. அந்தத் திறமை இல்லாவிட்டால் எவ்வளவு வேகம் இருந்தும் பயனில்லை. என் பேச்சின் சாரம் இதுதான். மென்மையான ஜெல்லில் வேகமானது பரவுவதில்லை, திரும்பத் தெரிந்ததே பரவுகிறது.

அகர் கலங்கலாக இருப்பதால் உள்ளே நடப்பதை ஆழமாகப் பார்ப்பது கஷ்டம். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் தபோமய் பட்டாச்சார்ஜியும் சுஜித் தத்தாவும் வேறு வழி கண்டார்கள். நீரை உறிஞ்சி உப்பிய ஜெல் மணிகளை நெருக்கி அடுக்கினார்கள். அந்த அடுக்கு கண்ணாடிபோல் தெளிவு. மணிகளுக்கு இடைப்பட்ட துளைகளின் அளவையும் விருப்பப்படி மாற்றலாம். அதற்குள் ஒளிரும் ஈ.கோலைகளை விட்டு ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தார்கள். 2019-இல் வெளியான அந்த ஆய்வு பாடப்புத்தகத்தில் படித்த ஓட்டமும் புரளலும் அங்கே இல்லை என்று காட்டியது. இருந்தது தாவலும் சிக்கலும். திறந்த துளையில் ஒரு தாவல். அதன் நீளத்தை நிர்ணயிப்பது பாக்டீரியா இல்லை, துளையின் வடிவம். பிறகு இடுக்கில் சிக்கல். சிக்கியது சும்மா இருப்பதில்லை. உடலை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே இருக்கிறது. வெளியேறும் வழிக்கு நேராக முகம் வந்ததும் அடுத்த தாவல். சில சிக்கல்கள் ஒரு வினாடியில் தீரும். சில பத்து வினாடிக்கு மேலும் நீளும். துளைகள் சிறியதாகச் சிறியதாக நீண்ட சிக்கல்கள் கூடுகின்றன.

தொடக்கத்தில் தொலைந்த நேரத்தின் ஒரு பகுதி இங்கே கிடைத்துவிட்டது. பாக்டீரியா தன் நேரத்தைப் பெரும்பாலும் பயணத்தில் செலவிடவில்லை, இடுக்குகளில் வழி தேடுவதில் செலவிட்டது.

மீதியைப் பார்க்க ஒற்றைப் பாக்டீரியாவை விட்டுவிட்டுக் கூட்டத்தைப் பார்க்க வேண்டும். ஈ.கோலைச் சொட்டு விட்ட அரைத்திட அகர்த் தட்டைச் சில மணி நேரம் கழித்து விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நடுவில் வெண்மையான புகைமூட்டம். அதைச் சுற்றி மெல்லிய, கூர்மையான ஒரு வளையம். சிறிது உள்ளே இன்னொரு வளையம். இன்னும் ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் இரண்டும் சில மில்லிமீட்டர் வெளியே நகர்ந்திருக்கும். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஜூலியஸ் அட்லர் 1960-களில் இந்த வளையங்களின் மர்மத்தை அவிழ்த்தார். அமினோ அமிலங்கள் கலந்த ஊட்டத்தில் வெளி வளையத்தில் இருப்பவை செரினைத் தின்கின்றன. உள் வளையத்தில் இருப்பவை அஸ்பார்ட்டேட்டைத் தின்கின்றன. வளையம் நிற்கும் இடத்தில் செரின் தீர்ந்துவிடுகிறது. அதற்கு வெளியே நிறைய இருக்கிறது. இந்தச் சரிவை யாரும் தட்டில் வைக்கவில்லை. எங்கும் சமமாகக் கலந்திருந்த உணவைத் தின்று தின்று பாக்டீரியாக்கள் தாமே சரிவை உண்டாக்கிக்கொண்டன. பிறகு அந்தச் சரிவைப் பிடித்தே வெளியே போகின்றன. ஈவ்லின் கெல்லரும் லீ சீகலும் 1971-இல் இதற்கான சமன்பாடுகளை எழுதினார்கள். இன்றும் இந்தத் துறைக்கு அவை அரிச்சுவடி.

அப்படியானால் பரவல் என்பது பசித்த கூட்டம் உணவைத் தேடி ஓடுவதா? அப்படித்தான் நெடுநாள் நினைத்தார்கள். 2019-இல் கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் டெரன்ஸ் ஹுவாவின் குழு வேறு விதமாகக் காட்டியது. முக்கிய உணவு ஏராளமாக இருக்கும் ஊடகத்தில் அஸ்பார்ட்டேட் போன்ற ஈர்ப்புப் பொருளை மிகக் கொஞ்சமாகச் சேர்த்தார்கள். வயிற்றை நிரப்ப அது போதாது. ஆனால் பரவல் பல மடங்கு வேகமெடுத்தது. முன்வரிசையில் இருப்பவை அந்தச் சிறு ஈர்ப்புப் பொருளைத் தீர்த்து, அதன் சரிவைப் பிடித்து முன்னேறுகின்றன. பின்தங்கியவை, இன்னும் உணவு நிறைந்த இடத்தில் நிதானமாகப் பெருகுகின்றன. பஞ்சம் வந்து ஊரைவிட்டு ஓடுவதல்ல இது. பஞ்சம் வருமுன் நிலம் பிடிப்பது. ஆக, வளையத்தின் வேகத்தை மூன்று விஷயங்கள் சேர்ந்து தீர்மானிக்கின்றன: இடுக்கிலிருந்து விடுபடும் திறமை, சரிவை உணரும் திறமை, பின்னால் இருந்து ஆள் பெருக்கும் திறமை. நீந்தும் வேகம் இவற்றோடு சேரும் ஓர் உறுப்பு மட்டுமே. தொலைந்த இரவின் கணக்கு இப்போது முழுதாகத் தீர்கிறது.

இந்த அறிவு மருத்துவ ஆய்வகத்தில் தினமும் வேலை செய்கிறது. நோயாளியின் மாதிரியில் வளர்ந்த கிருமி நகருமா நகராதா என்று பார்க்க வேண்டியிருக்கும். சின்னக் கண்ணாடிக் குழாயில் அரைத்திட அகர் உறைந்திருக்கும். நேர்க்கம்பியைச் சுடரில் சிவக்கக் காட்டி, ஆறவிட்டு, காலனியின் நுனியைத் தொட்டு, குழாயின் நடுவே செங்குத்தாக இறக்குவார்கள். போன தடத்திலேயே கை ஆடாமல் வெளியே எடுப்பார்கள். 37 டிகிரியில் ஓர் இரவு. காலையில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இரண்டில் ஒன்று தெரியும். கம்பி போன கோடு மட்டும் வெள்ளைக் கீறலாக நின்று, சுற்றிலும் ஊடகம் பளிங்காக இருந்தால் கிருமி நகரவில்லை. கோட்டின் விளிம்பு மழுங்கி, குழாய் முழுக்கக் கலங்கியிருந்தால் நகர்ந்திருக்கிறது. டெட்ராசோலியம் என்ற நிறமற்ற பொருளைச் சேர்த்துவிட்டால் பாக்டீரியா போன இடமெல்லாம் சிவக்கும், சந்தேகத்துக்கு இடமிருக்காது. குழாயில் குத்திப் பார்க்கும் அடிப்படை முறையை டிட்ஸ்லரும் சாண்ட்ஹோல்சரும் 1936-இல் வெளியிட்டார்கள். டைஃபாய்டு தரும் சால்மொனெல்லா நகரும், சீதபேதி தரும் ஷிகெல்லா நகராது, கிளெப்சியெல்லாவும் நகராது. வேறு சோதனைகளோடு சேர்த்துப் பார்க்கும்போது இது பெரிய துப்பு.

இந்தச் சோதனை பார்க்க எளிது, ஏமாற்றவும் எளிது. இறக்கும்போது கை ஆடினால் நகராத கிருமியும் நகர்ந்ததுபோல் தெரியும். அகரின் அளவு கொஞ்சம் கூடிவிட்டால் நகரும் கிருமியும் அசையாமல் நிற்கும். நான் இவ்வளவு நேரம் சொன்னதை வைத்து யோசித்தால் இன்னொன்றும் புரியும். புரளத் தெரியாத வகை தண்ணீரில் பிரமாதமாக நீந்தும். ஆனால் இந்தக் குழாயில் நகராததுபோலவே தோன்றும். குழாய் சொல்வது “ஜெல்லில் பரவியது, பரவவில்லை” என்பதை மட்டும்தான். நீச்சல் தெரியுமா என்று அறிய ஒரு சொட்டு நீரில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தே ஆக வேண்டும்.

கசையிழைக்கு நம் வீட்டோடும் ஒரு பழக்கம் உண்டு. நாள்பட்ட காய்ச்சலுக்கு விடால் சோதனை செய்த சீட்டில் ஓ, எச் என்று இரண்டு வரிகள் பார்த்திருப்பீர்கள். எச் என்பது சால்மொனெல்லாவின் கசையிழைக்கு எதிராக நம் உடல் தயாரித்த எதிர்ப்பொருளின் அளவு. கிருமி எதை வைத்து நகர்கிறதோ அதையே நம் உடல் அடையாளம் கண்டு வைத்திருக்கிறது. இந்த விஷயத்துக்குக் கடைசியில் திரும்புவேன்.

ஜெல்லுக்குள் போக முடியாவிட்டால் மேலே போகலாம் என்று முடிவெடுத்த கிருமிகளும் உண்டு. புரோட்டியஸ் மிராபிலிஸ் அதில் பேர்போனது. கெட்டியான அகர் மேல் வைத்தால் முதலில் சாதாரணமாகப் பெருகும். சில மணி நேரத்தில் விளிம்பில் இருப்பவை உருமாறும். 2 மைக்ரோமீட்டர் உடல் பிளவுபடாமலே 20, 40 என்று நீள்கிறது. அதன் மேல் ஆயிரக்கணக்கில் கசையிழைகள் முளைக்கின்றன. அந்த நீண்ட உடல்கள் பக்கம் பக்கமாகச் சேர்ந்து, ஈரப் படலத்தைத் தம்மோடு இழுத்துக்கொண்டு, தெப்பங்களாக நகர்கின்றன. தனியாகப் பிரிந்தது அங்கேயே நின்றுவிடும். கொஞ்ச தூரம் போனதும் எல்லாம் மறுபடி குட்டை உடல்களாகப் பிரிந்து பெருகும். பிறகு மீண்டும் புறப்பாடு. இந்தப் போக்கும் தங்கலும் தட்டில் வட்டத்துக்குள் வட்டமாகப் பதிகின்றன. சிறுநீர் மாதிரியைக் கையாளும் ஆய்வக நுட்பர்களுக்கு இது தீராத தலைவலி. தட்டு முழுக்கப் படர்ந்து மற்றக் கிருமிகளை மூடிவிடும். அதனால்தான் உப்பு குறைந்த சிஎல்இடி ஊடகத்தையோ பித்த உப்பு சேர்ந்த மக்காங்கி ஊடகத்தையோ பயன்படுத்தி அதை அடக்குகிறார்கள். நோயாளிக்கோ அது தலைவலியோடு நிற்பதில்லை. நீண்ட நாள் வைத்த சிறுநீர்க் குழாயின் சுவரைப் பிடித்துப் புரோட்டியஸ் மேலேறும். யூரியாவை உடைத்து அமோனியாவாக்கும். சிறுநீரின் அமிலத்தன்மை குறையும். உப்புப் படிகங்கள் படிந்து குழாய் அடைத்துக்கொள்ளும்.

யூரியாவை உடைக்கும் அதே வித்தையை வேறு காரியத்துக்குப் பயன்படுத்துகிற ஒன்று நம் வயிற்றில் இருக்கிறது. ஹெலிகோபாக்டர் பைலோரி. இரைப்பைப் புண்ணுக்கு இதுவே முக்கியக் காரணம் என்று நிறுவிய பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 2005-இல் நோபல் பரிசு பெற்றார்கள். அதை நிரூபிக்க 1984-இல் மார்ஷல் தன்மீதே சோதித்து, அந்தக் கிருமிக் கரைசலைக் குடித்தவர். இரைப்பையின் அமிலத்தில் இது நெடுநேரம் வாழ முடியாது. சுவரை ஒட்டிய கோழைக்குள் புகுந்தாக வேண்டும். அதன் உடல் திருகு வடிவம். திருகித் துளைத்துக்கொண்டு போகிறது என்றுதான் பலரும் நம்பினார்கள். 2009-இல் ஜொனாதன் செல்லியும் பாஸ்டன் சகாக்களும் பன்றி வயிற்றிலிருந்து எடுத்த மியூசினை வைத்துப் பார்த்தார்கள். மியூசின்தான் கோழைக்குக் கெட்டித்தன்மை தரும் புரதம். அமிலம் மிகுந்த நிலையில், அதாவது பி.எச். 4-க்குக் கீழே, அது ஜெல்லாக இறுகுகிறது. அந்த ஜெல்லில் ஹெலிகோபாக்டர் மாட்டிக்கொண்டு கசையிழையைச் சுற்றிக்கொண்டே இருந்தது. ஓர் அடி நகரவில்லை. யூரியா கொடுத்தபோது நிலைமை மாறியது. கிருமியின் யூரியேஸ் நொதி அமோனியா உண்டாக்க, அதைச் சுற்றி அமிலம் தணிந்தது. பி.எச். ஏற, ஜெல் குழைந்து கரைசலானது. கிருமி நீந்திப் போனது. திருகு வடிவம் அந்த ஜெல்லைத் துளைக்கவில்லை. கிருமி தன் முன்னே இருக்கும் ஜெல்லைத் தண்ணீராக்கிக்கொண்டு போகிறது.

ஈ.கோலைக்குத் திரும்பும் வழி, ஹெலிகோபாக்டருக்குப் பாதையை இளக்கும் வழி. ஆனால் இதுவும் திசை தெரியாமல் நீந்துவதில்லை. கோழையில் சுவர்ப் பக்கம் அமிலம் குறைவு, உள்வெளிப் பக்கம் அதிகம். அந்தச் சரிவைப் படித்துத்தான் சுவரை ஒட்டி நிற்கிறது. மங்கோலிய ஜெர்பில் என்ற எலி வகையின் வயிற்றில் ஜெர்மன் ஆய்வாளர்கள் இந்தச் சரிவைக் குலைத்துப் பார்த்தார்கள். 2004-இல் வெளியான அந்த ஆய்வில் கிருமிகள் திசை தடுமாறிப் போயின.

ஜெல் கிருமிக்கு வழித்தடை மட்டுமில்லை. தலைமுறைகள் ஓடினால் அதையே மாற்றியும் விடுகிறது. இலினாய்ஸில் செப்பே கூனின் குழு 2017-இல் ஒரு சோதனையை வெளியிட்டது. 0.3 விழுக்காடு அகரில் ஈ.கோலையை விட்டு, வெளி விளிம்பை எட்டியவற்றை மட்டும் எடுத்துப் புதுத் தட்டில் விட்டார்கள். இதையே மீண்டும் மீண்டும் செய்தார்கள். செழிப்பான ஊடகத்தில் பரவும் வேகம் கூடிக்கொண்டே போனது. அதே நேரம் பெருகும் வேகம் குறைந்தது. சத்துக் குறைந்த ஊடகத்தில் முடிவு நேர்மாறு: பெருகுதல் கூடியது, நீச்சல் வேகம் குறைந்தது; ஆனாலும் பரவல் முன்னைவிட வேகம்தான். நீச்சல் வேகத்தையும் பெருகும் வேகத்தையும் ஒருசேரக் கூட்ட ஈ.கோலைக்கு இயலவில்லை. எதை விட்டு எதைப் பிடிப்பது என்பதைச் சூழல் தீர்மானித்தது.

2016-இல் ஹார்வர்டில் மைக்கேல் பேமும் ராய் கிஷோனியும் செய்தது இதைவிடக் கவலை தருவது. 120 சென்டிமீட்டர் நீளம், 60 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு தட்டு. இரு ஓரத்திலும் நுண்ணுயிர்க்கொல்லி இல்லை. நடுவை நோக்கிப் போகப் போகப் பட்டை பட்டையாகப் பத்துப் பத்து மடங்கு மருந்து ஏறுகிறது. எல்லாவற்றின் மேலும் மென்மையான அகர். ஈ.கோலை ஒவ்வொரு எல்லையிலும் நின்றது. எங்கோ ஒரு புள்ளியில் மருந்தைத் தாங்கும் மாற்றம் தோன்றியது. அந்தப் புள்ளியிலிருந்து விசிறியாகப் பரவி அடுத்த எல்லைக்குப் போனது. இரண்டு வாரத்துக்குள் நடுப்பட்டையும் வீழ்ந்தது. அந்த ஆய்வில் நான் முக்கியமாகக் கருதுவது வேறொன்று. மருந்தை மிக நன்றாகத் தாங்கும் வகைகள் சில, முன்வரிசைக்குப் பின்னால் பிறந்ததாலேயே அடைபட்டுப்போயின. அவற்றைவிடச் சுமாரானவை முன்னால் நின்று இடத்தைப் பிடித்துக்கொண்டன. ஜெல்லில் யார் வலியவர் என்பதோடு யார் எங்கே நிற்கிறார் என்பதும் வெற்றியைத் தீர்மானிக்கிறது. கலக்கி விட்ட குடுவையில் எவ்வளவு நாள் வளர்த்தாலும் இந்தப் பாடம் கிடைக்காது.

கடைசியாக நம் குடலுக்கு வருகிறேன். பெருங்குடலில் கணக்கற்ற பாக்டீரியாக்கள் இருந்தும் குடல் சுவரை ஒட்டிய உட்கோழை அடுக்கில் அவை இல்லை. 2008-இல் ஸ்வீடனின் குன்னர் ஹான்சன் குழு எலிக் குடலில் இதைத் தெளிவாகக் காட்டியது. வெளி அடுக்கு தளர்வானது. பாக்டீரியாக்கள் அதில் வாழ்கின்றன. உள் அடுக்கு நெருக்கமானது; அவற்றுக்கு இடமில்லை. அந்த எல்லையைக் காப்பது நெருக்கம் மட்டும்தானா? 2016-இல் ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழகத்துக் குழு, குடல் செல்கள் சுரக்கும் லிப்டி8 என்ற புரதம் கசையிழை உள்ள பாக்டீரியாக்களின் இழைகளில் போய் ஒட்டி அவற்றின் ஓட்டத்தை முடக்குகிறது என்று கண்டது. அந்தப் புரதம் இல்லாத எலிகளில் பாக்டீரியாக்கள் உள் அடுக்குக்குள் புகுந்தன. குடல் அழற்சியும் எளிதில் கடுமையானது. கசையிழையைக் குறிவைக்கும் எதிர்ப்பொருள்களும் குடலுக்குள் சுரக்கின்றன. விடால் சீட்டில் நாம் பார்த்த எச்சும் கசையிழையைக் குறிவைப்பதுதான்.

கிருமி என்றால் கொல்வது என்றே நமக்குப் பழகிப்போயிருக்கிறது. மாத்திரையும் பினாயிலும் அந்தச் சிந்தனையின் பிள்ளைகள். நம் உடல் தன் கோட்டையில் நெடுங்காலமாக வேறொரு உத்தியையும் கையாண்டு வருகிறது: ஜெல்லை இறுக்கமாக வை, கசையிழையைக் கட்டு, திரும்பவிடாதே. கொல்லப்பட்ட கிருமிகளுக்கு நடுவே தப்பிப் பிழைத்தது தன் எதிர்ப்புத் திறனைப் பெருக்கும். நகர முடியாமல் நின்ற கிருமி வெளி அடுக்கிலேயே தன் பாட்டுக்கு வாழ்ந்துவிட்டுப் போகும். அதற்கும் நமக்கும் பகை இல்லை. பெருங்குடலின் சமாதானம் அப்படிப்பட்டது. மருந்தைத் தாங்கும் கிருமிகள் பெருகிவரும் இந்தக் காலத்தில், எதைக் கொல்வது என்பதோடு எதை எங்கே நிறுத்துவது என்றும் மருத்துவம் கேட்கத் தொடங்கியிருக்கிறது. அந்தக் கேள்விக்கு விடை தேடுகிறவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, இடுக்கில் சிக்கிய ஒரு பாக்டீரியா எப்படித் திரும்புகிறது என்பதைத்தான். இங்கே இருக்கும் மாணவர்களில் சிலராவது அந்த வேலையை எடுத்துச் செய்வீர்கள் என்று எதிர்பார்க்கிறேன்.